கோட்டை என்னும் தீவும் அதன் அடிச்சேறும்

2021 நவம்பர் மழையில் வேலூர்க் கோட்டை அகழி நிரம்பியபோது, உள்ளே இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் தண்ணீர் புகுந்து நின்றது. எளிதில் வடியவில்லை. வடிய வைக்க வேண்டுமானால், அகழியின் உபரிநீர் அந்தக் காலத்தில் எந்த வழியாக வெளியேறியது என்று தெரிய வேண்டும். கோட்டையைச் சுற்றி நகரம் நெருக்கமாக வளர்ந்ததில் அந்த வழி அடைபட்டு, கண்ணிலிருந்தும் நினைவிலிருந்தும் மறைந்திருந்தது. கோயிலுக்குள் தண்ணீர் வந்த பிறகுதான் பழைய வாய்க்காலைத் தேட வேண்டியிருந்தது.

அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 2016 செப்டம்பரில், மதுரை, சேலம், தஞ்சாவூரோடு வேலூரும் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்தது. கோட்டையை மேம்படுத்துவதும் அகழியைத் தூர்வாருவதும் அந்தத் திட்டத்தின் பகுதிகளாயின. அகழி தூர்ந்து கிடக்க வேண்டும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நானும் சொல்லவில்லை. ஆனால் ஒரு பழைய இடத்தில் மண்வெட்டி இறங்கும் முன், அதன் மேலும் கீழும் என்ன இருக்கிறது, அதில் எது போனால் திரும்ப வராது என்று முறையாகப் பார்த்து எழுதி வைக்கும் ஒரு வேலை உண்டு. தொல்லியல் மதிப்பீடு என்று அதைச் சொல்கிறார்கள். மறைந்த வாய்க்காலைக் கண்டுபிடித்துக் கொடுப்பதும் அந்த வேலையில் அடக்கம். பழமையைப் போற்றுகிறவர்களுக்கு மட்டும் வேண்டிய ஆடம்பரம் என்று அதை நினைத்தால், தண்ணீர் வரும்போது புரியும்.

வேலூர்க் கோட்டையை ஒரு தீவு என்றே எடுத்துக்கொள்ளலாம். சுமார் 133 ஏக்கர் நிலம், சுற்றிலும் கருங்கல் மதில், அதைச் சுற்றி அகன்ற அகழி. 16ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்துக்குக் கீழ்ப்பட்ட நாயக்கர் காலத்தில் எழுந்தது. பிறகு பீஜப்பூர்ச் சுல்தானகம், மராட்டியர், ஆற்காட்டு நவாபுகள், ஆங்கிலேயர் என்று கை மாறியது. இன்று உள்ளே கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் அருங்காட்சியகமும் திப்பு மகால், ஹைதர் மகால் என்ற கட்டடங்களும் இருக்கின்றன. கோயில் மண்டபத்தை ஆங்கிலேயர் ஆயுதக் கிடங்காகப் பயன்படுத்தினார்கள். நெடுங்காலம் மூலவர் இல்லாமல் கிடந்த கருவறைக்கு 1981இல்தான் லிங்கம் திரும்பியது. 1806 ஜூலை 10ஆம் தேதி விடியும் முன் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தது இங்கேதான். அவர்களை ஆத்திரப்படுத்திய புதிய தலைப்பாகையில் தோலால் செய்த குஞ்சம் ஒன்று இருந்தது. தோலுக்குப் பெயர்போன இந்த மண்ணில், தோல் தொட்ட ஒரு கலகம்.

இவ்வளவும் மேலே தெரிவது. மதிப்பீட்டில் கடினமான பாதி, தெரியாததைப் பற்றியது.

வேலையை எங்கே தொடங்குவார்கள்? மேசையில். பழைய வரைபடங்கள், கும்பினிப் படையின் கட்டடத் திட்டங்கள், மாவட்டக் கையேடுகள், புகைப்படங்கள் எல்லாவற்றையும் திரட்டி, ஒவ்வொரு வரைபடத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்துவார்கள். கோட்டைக்கு இது எளிது. மதிலின் கொத்தளங்கள் இடம் மாறவில்லை. அவற்றை ஆணிகளாக வைத்துப் பழைய படத்தை இழுத்துப் பொருத்தினால், 1800களில் இருந்து இன்று இல்லாத கட்டடங்கள் புல்வெளியின் நடுவே கோடுகளாக எழுந்து நிற்கும். அகழிக்கு நீர் வந்த பாதையும் போன பாதையும் இப்படித்தான் முதலில் அகப்படும். சூரியகுண்டு என்னும் நீர்நிலையிலிருந்து நிலத்தடிக் கால்வாய் வழியாக அகழிக்குத் தண்ணீர் வந்ததாகப் பழைய குறிப்புகள் சொல்கின்றன. அப்படியொரு வரி கிடைத்தாலே, எங்கே தேடுவது என்று தெரிந்துவிடும்.

கோட்டைக்கு வெளியே, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை நெடுக விரியும் தோல் பகுதிக்கு வேறொரு பழைய படம் உதவும். 1960 முதல் 1972 வரை அமெரிக்காவின் கொரோனா உளவுச் செயற்கைக்கோள்கள் எடுத்த படங்கள் 1995இல் பொதுவெளிக்கு வந்தன. டேனரிகளும் ஷூ கம்பெனிகளும் இன்றைய அளவுக்குப் பெருகாத காலத்துப் பாலாற்றுப் படுகை அவற்றில் பதிந்திருக்கிறது. இன்று லேஅவுட்டாகிவிட்ட ஏரியும், சமப்படுத்திவிட்ட மேடும் அங்கே உருவத்தோடு கிடக்கும்.

அடுத்தது நடை. ஆய்வாளர்கள் வரிசையாக நின்று, சில மீட்டர் இடைவெளியில், உழுத நிலத்தைக் குனிந்து பார்த்தபடி நடப்பார்கள். கருப்பு-சிவப்புப் பானை ஓடு, இரும்புக் கசடு, தேய்த்து மழமழப்பாக்கிய கற்கோடரித் துண்டு என்று கண்ணில் பட்டதை எடுத்து, இடத்தைக் குறித்துக்கொள்வார்கள். வேறெந்தக் கருவியையும்விட இந்தப் பகுதிக்கு அதிகம் தந்தது இந்த நடைதான். திருப்பத்தூருக்கு அருகே பையம்பள்ளியில் இந்தியத் தொல்லியல் துறை 1964-65லும் 1967-68லும் எஸ்.ஆர். ராவ் தலைமையில் அகழாய்வு செய்தது. மலையடிவாரத்தில் குழி வெட்டி, கம்பு நட்டு, மேலே கூரை போட்டு வாழ்ந்த புதிய கற்கால மக்களின் குடியிருப்பு கிடைத்தது. அவர்கள் கையால் வனைந்த சாம்பல் நிறப் பானைகள், மெருகேற்றிய கற்கோடரிகள், கருகிய கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன. அதற்கு மேலடுக்கில் இரும்புக் காலத்தவர். கொள்ளு இன்றும் அந்த வட்டாரத்தில் விளைகிறது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் அடுப்படியில் சிந்திக் கருகிய நாலு மணி, இந்தப் பகுதியின் வேளாண்மை வரலாற்றுக்கு முதல் சாட்சியாகிவிட்டது. புல்டோசர் ஓட்டுகிறவரின் உயரத்திலிருந்து பார்த்தால் அது வெறும் கரித்தூள்.

ஆம்பூரின் எழுத்து வரலாறும் மாட்டிலிருந்தே தொடங்குகிறது என்பது எனக்கு எப்போதும் வியப்பு. பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்து நடுகற்கள் இரண்டு ஆம்பூரில் கிடைத்தன. ஆநிரை கவர வந்தவர்களோடு பொருது வீழ்ந்தவர்களுக்காக நட்டவை. கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஸ் அவற்றை எபிகிராபியா இண்டிகா என்னும் கல்வெட்டு இதழில் பதிப்பித்தார். 9ஆம் நூற்றாண்டில் மாட்டுக்காக உயிர்விட்ட ஊர், ஆயிரம் ஆண்டுகள் கழித்து மாட்டுத்தோலால் உலகமறிந்த ஊராயிற்று. அப்படிப்பட்ட கற்கள் இன்னும் எத்தனை சாலையோரத்திலும் வேலிக்கடியிலும் சாய்ந்து கிடக்கும் என்பதை நடந்து பார்த்துத்தான் சொல்ல முடியும்.

நடையில் தெரியாததைப் பார்க்கக் கருவிகள் வருகின்றன. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். தோல் பகுதியின் மண் இந்தக் கருவிகளோடு நடந்துகொள்ளும் விதம் தனி.

தரையை ஊடுருவும் ராடார், சிறு தள்ளுவண்டி போன்றது. தள்ளிக்கொண்டே போனால் ரேடியோ அலைத் துடிப்புகளை மண்ணுக்குள் அனுப்பும். மண்ணின் மின் இயல்பு மாறும் இடத்தில், அதாவது மண்ணிலிருந்து கல்லுக்கோ கல்லிலிருந்து வெற்றிடத்துக்கோ மாறும் இடத்தில், அலையின் ஒரு பகுதி திரும்பும். போய்த் திரும்பிய நேரத்தை நானோ விநாடியில் அளப்பார்கள். காற்றில் நானோ விநாடிக்கு 30 சென்டிமீட்டர் போகும் அலை, சாதாரண ஈரமண்ணில் சுமார் 10 சென்டிமீட்டர்தான் போகும். எதிரொலி 40 நானோ விநாடியில் திரும்பினால், போக 20, வர 20. பொருள் 2 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. புதைந்த கல் வாய்க்காலைத் தேட இதைவிடத் தோதான கருவி கிடையாது. உள்ளே வெற்றிடமோ தண்ணீரோ இருந்தால் எதிரொலி பளிச்சென்று வரும்.

ஆனால் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் மண்ணில் இந்த அலை வேகமாக மடிந்துவிடும். களிமண் அதைத் தின்னும். உப்பு அதைவிட மோசம். தோல் பகுதியில் உப்புக்குப் பஞ்சமா? கசாப்பிலிருந்து வரும் பச்சைத்தோல் கெடாமலிருக்கக் கல்லுப்பைத் தடவித்தான் மண்டிக்கு வருகிறது. டேனரியில் முதல் வேலை அந்த உப்பைக் கழுவி எடுப்பது. பல பத்தாண்டுகளாகக் கழிவுநீரோடு போன உப்பு மண்ணிலும் கிணற்றிலும் இறங்கியிருக்கிறது. அப்படிப்பட்ட நிலத்தில் ராடாரைத் தள்ளிக்கொண்டு போனால் அரை மீட்டருக்குக் கீழே எதுவும் தெரியாமல் போகலாம். திரையில் ஒன்றும் இல்லை என்பதால் நிலத்தில் ஒன்றும் இல்லை என்று அறிக்கை எழுதிவிட்டால், அந்த அறிக்கை பொய். மின்தடையை அளக்கும் முறைக்கும் இதே சிக்கல். உப்புமண் எல்லா இடத்திலும் தடையைக் குறைத்துவிடுவதால், சுவருக்கும் மண்ணுக்கும் உள்ள வேறுபாடு மங்கிப்போகும். ஆகவே பாலாற்றுப் படுகையில் மதிப்பீடு செய்கிறவர் முதலில் மண்ணின் உப்பை அளக்க வேண்டும். பிறகே எந்தக் கருவியை நம்புவது என்று முடிவு செய்ய முடியும். வேறு மாநிலத்தில் வெற்றி பெற்ற முறையை அப்படியே இங்கே கொண்டுவந்தால் சரிவராது.

காந்தமானிக்கு உப்பு ஒரு பொருட்டில்லை. களிமண்ணைச் சுடும்போது அதிலுள்ள இரும்புத் தாதுக்கள், ஆறும் வேளையில், பூமியின் காந்தப்புலத்தின் திசையை நினைவில் வைத்துக்கொள்கின்றன. அடுப்பு, சூளை, இரும்புருக்கிய உலை எல்லாம் தரைக்குக் கீழேயிருந்து மெல்லிய காந்தக் குறிப்பைத் தருவது இதனால்தான். அதற்குப் பகை நவீன இரும்புக் குப்பை. வேலி, கம்பி, ஆணி கிடக்கும் இடத்தில் அந்த மெல்லிய குரல் கேட்காது. கோட்டைக்குள் பல இடங்களில் இந்தத் தொல்லை இருக்கும். ஊருக்கு வெளியே மலையடிவாரத்தில் குறைவு.

கருவிகள் சந்தேகத்தைக் கிளப்பும். தீர்ப்பது சோதனைக் குழி. எத்தனை குழி போட வேண்டும் என்பதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. தொழிற்பேட்டைக்கென்று எடுத்த நிலத்தில் 10 மீட்டர் குறுக்களவுள்ள இரும்புக் கால ஈமச்சின்னம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மேலே வட்டமாக இருந்த கற்களை உழவுக்காக எப்போதோ எடுத்துவிட்டார்கள். 50 மீட்டருக்கு ஒன்றாகக் கட்டம்போட்டுக் குழி எடுத்தால், ஹெக்டேருக்கு 4 குழி. அவற்றில் ஒன்றாவது அந்த ஈமச்சின்னத்தின்மேல் விழும் வாய்ப்பு 3 சதவீதம்தான். 20 மீட்டருக்கு ஒன்று என்றால் ஹெக்டேருக்கு 25 குழி, வாய்ப்பு 20 சதவீதத்தைத் தொடும். 10 மீட்டருக்கு ஒன்று என்றால் 100 குழி, வாய்ப்பு 78 சதவீதம். நாலு குழி தோண்டிவிட்டு இடம் சுத்தமாக இருக்கிறது என்று கையெழுத்துப் போடும் அறிக்கை எவ்வளவு பெறும் என்பதை இந்தக் கணக்கு சொல்லிவிடும். பிரிட்டனில் மொத்தப் பரப்பில் 2 முதல் 5 சதவீதம் வரை நீண்ட பள்ளங்களாக வெட்டிப் பார்ப்பது வழக்கம். தனித்தனிக் குழிகளைவிட நீளப் பள்ளம் மேல். ஒரு கோடு ஒரு வட்டத்தைக் குறுக்கே வெட்ட அதிக வாய்ப்பு உண்டு.

இப்போது அகழிக்கு வருகிறேன். என் மனம் அங்கேதான் கிடக்கிறது.

அகழி என்பது திறந்த வாயுள்ள ஒரு பாத்திரம். கோட்டை கட்டிய நாளிலிருந்து மழையோடு வந்த மண்ணும், மதிலிலிருந்து விழுந்ததும், உள்ளிருந்தும் வெளியிருந்தும் எறிந்ததும் அதில் அடுக்கடுக்காகப் படிகின்றன. இடையில் எப்போதாவது தூர்வாரியிருந்தால் அதுவும் அடுக்கில் ஒரு வெட்டாகத் தெரியும். கீழே பழையது, கோடு போட்டதுபோல் ஒரு முறிவு, மேலே புதியது. அந்த முறிவுக்குக் காலம் கணித்தால், கோட்டையைப் பராமரிக்கப் பணமும் ஆளும் இருந்த காலம் எது, கைவிட்ட காலம் எது என்று தெரியும். எந்த அரசனும் கல்லில் வெட்டி வைக்காத செய்தி அது.

சேற்றிலிருந்து காலத்தை எடுப்பது தந்திரமான வேலை. பலரும் கேள்விப்பட்ட கார்பன் 14 முறை இங்கே சிரமப்படும். 5,730 ஆண்டுகளில் பாதியாகும் அந்தக் கார்பன், பையம்பள்ளி போன்ற இடத்துக்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் 17ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து வளிமண்டலத்தில் அதன் அளவு ஏறி இறங்கிக் கொண்டே இருந்ததால், ஒரே அளவீடு 1680க்கும் 1800க்கும் 1920க்கும் ஒத்துப்போகலாம். கோட்டையின் வரலாறு பெரும்பாலும் அந்தக் குழப்பமான இடைவெளிக்குள்தான் வருகிறது.

அதனால் வேறு இரண்டு வழிகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். முதலாவது, ஒளித்தூண்டல் முறை. மணலில் உள்ள குவார்ட்ஸ் துகள், சுற்றியிருக்கும் மண்ணின் இயற்கைக் கதிரியக்கத்தை வாங்கி, எலெக்ட்ரான்களைத் தன்னுள் சிறைப்பிடித்து வைக்கிறது. வெயில் பட்டால் அந்தச் சிறை திறந்து காலியாகிவிடும். ஆகவே ஒரு துகள் கடைசியாக வெயிலைப் பார்த்தது எப்போது என்று ஆய்வகத்தில் கணக்கிடலாம். மாதிரியை எடுக்கும் கணத்திலிருந்து அதன்மேல் ஒளி படக்கூடாது. இரும்புக் குழாயைச் சேற்றில் அறைந்து எடுத்து, கறுப்புத் துணியில் சுற்றி, சிவப்பு விளக்கு மட்டும் எரியும் அறையில் பிரிப்பார்கள். தண்ணீர் கதிரியக்கத்தைக் கொஞ்சம் உறிஞ்சிவிடும் என்பதால், சேற்றில் எவ்வளவு நீர் இருந்தது என்பதையும் அளந்தாக வேண்டும். இரண்டாவது, மேலடுக்குகளுக்கு மட்டும் பயன்படும் ஈயம் 210. சுமார் 22 ஆண்டுகளில் பாதியாகும் அது, கடந்த நூற்றைம்பது ஆண்டுகளுக்குக் கடிகாரம். அதைச் சரிபார்க்க சீசியம் 137 உண்டு; வளிமண்டல அணுகுண்டுச் சோதனைகளால் 1963 வாக்கில் உச்சத்தைத் தொட்டு உலகெங்கும் படிந்தது.

தோல் பகுதியின் ஏரிகளில் இன்னொரு கடிகாரமும் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஆல்ஃபிரட் சாட்டர்டன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் குரோம் முறையில் தோல் பதனிடுவதைச் சோதித்தார். அதற்கு முன் எல்லாம் ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான். 1970களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதை அரசு கட்டுப்படுத்தி, முழுதாகப் பதனிட்ட தோலாகவும் காலணியாகவும் அனுப்பச் சொன்ன பிறகு, குரோம் முறை இங்கே பெரிதாகப் பரவியது. டேனரிக் கழிவு கலந்த ஏரியின் வண்டலில், குரோமியம் சட்டென்று உயரும் அடுக்கு அந்தக் காலத்தைக் குறிக்கும். ஊரைக் கெடுத்த அதே உலோகம் ஆய்வாளருக்குத் தேதி முத்திரையாகிறது. அந்த மண்ணைக் கையுறையில்லாமல் தொடக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமியத் தொழிற்சாலை விட்டுச்சென்ற கழிவுக் குவியலை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி, சேற்றுக்குள் பொருள்கள். இங்கிலாந்தின் வடக்கே விண்டோலாண்டா என்னும் ரோமானியக் கோட்டை இருக்கிறது. அங்கே ஆயிரக்கணக்கான தோல் காலணிகள் மண்ணிலிருந்து வெளிவந்திருக்கின்றன. 2016இல் ஒரே ஓர் அகழிப் பள்ளத்திலிருந்து மட்டும் 421. ஆண், பெண், குழந்தை என்று எல்லா அளவிலும் இருந்தன. படைவீரர் மட்டும் வாழ்ந்த இடம் என்று நினைத்திருந்த கோட்டையில் குடும்பங்கள் வாழ்ந்தன என்பதைச் செருப்பின் அளவே காட்டிக்கொடுத்தது. 1,800 ஆண்டுகளாகத் தோல் எப்படி மட்கவில்லை? இரண்டு காரணங்கள். ஒன்று, நீர் நிறைந்து இறுகிய சேற்றில் பிராணவாயு இல்லை. மட்கச் செய்யும் பெரும்பாலான நுண்ணுயிர்கள் அங்கே பிழைக்காது. மற்றது, பட்டைச் சாற்றில் உள்ள டானின். அது தோலின் புரத இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து, நுண்ணுயிர் வாய்வைக்க முடியாதபடி ஆக்கிவிடுகிறது. ஆவாரம்பட்டையைத் தொட்டியில் ஊறப்போட்டு நம் ஊரில் தோல் பதனிட்டவர்கள் செய்ததும் அதே வேதியியல்தான்.

வேலூர் அகழியில் அப்படியே கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. இது வெப்பநாடு, கோடையில் நீர்மட்டம் இறங்கும், மேலடுக்கு காய்ந்து வெடிக்கும், காற்று உள்ளே போகும். காய்ந்து நனைந்து காயும் சேற்றில் தோல் தங்காது. ஆனால் எந்தக் கோடையிலும் காயாத அடியாழம் ஒன்று இருக்குமானால், அங்கே தோலும் மரமும் கயிறும் விதையும் இருக்க இடமுண்டு. 1806இல் கோட்டையில் இருந்த சிப்பாயின் காலில் என்ன செருப்பு இருந்தது, அதை எந்த மிருகத்தின் தோலில் செய்தார்கள் என்பதை ஏடுகளைவிட அந்தச் சேறு நன்றாகச் சொல்லும். தோலின் மேற்பரப்பில் மயிர்க்கால்கள் அமைந்திருக்கும் விதத்தைப் பார்த்தே ஆடா, மாடா, எருமையா என்று சொல்லலாம். அப்படிச் சொல்லத் தெரிந்தவர்களைத் தேடி லண்டனுக்குப் போக வேண்டாம். சென்னை அடையாறில் 1948இலிருந்து மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ஆம்பூர் கம்பெனிகளில் தோலைத் தடவிப் பார்த்தே ரகம் பிரிப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆபத்தும் இங்கேதான். சேற்றிலிருந்து வெளிவந்த பழந்தோலை வெயிலில் வைத்தால் சில மணி நேரத்தில் சுருங்கி, வெடித்து, கருவாடு போல ஆகிவிடும். எடுத்த நொடியிலிருந்து தண்ணீருக்குள்ளேயே வைத்து, பிறகு மெழுகு போன்ற பாலிஎத்திலீன் கிளைக்காலை மெல்ல ஊற வைத்து, உறைநிலையில் உலர்த்த வேண்டும். பொக்லைன் வாளி அள்ளி லாரியில் கொட்டும் சேற்றில் இதற்கெல்லாம் இடமில்லை. கொட்டும் இடத்தில் ஒரு செருப்பு கிடந்தால், பழைய செருப்பு என்று காலால் தள்ளிவிட்டுப் போவார்கள். அதைத் தவறு என்றும் சொல்ல முடியாது, யாரும் அவர்களுக்குச் சொல்லிவைக்கவில்லையே.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்கலாம். 1958ஆம் ஆண்டுச் சட்டமும் 2010இல் வந்த திருத்தமும், மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்தைத் தடுக்கின்றன. அதற்கப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு விதிக்கின்றன. பட்டியலில் ஏறிவிட்ட சின்னத்துக்கு இது நல்ல வேலி. வேலூர்க் கோட்டைக்கு இது உண்டு. பட்டியலில் ஏறாத, மண்ணுக்குள் கிடக்கும் பையம்பள்ளிகளுக்கு எந்த 100 மீட்டரும் கிடையாது. 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் படிவம்கூட, சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பண்பாட்டு இடங்கள் அருகில் உள்ளனவா என்றுதான் கேட்கிறது. இன்னும் யாருக்கும் தெரியாத இடத்தைத் தேடிப் பார்த்தீர்களா என்ற கேள்வி அதில் இல்லை. மால்டா தீவின் தலைநகர் வல்லெட்டாவில் 1992இல் ஐரோப்பிய நாடுகள் ஓர் உடன்பாடு செய்தன: நிலத்தை மாற்றுகிற திட்டமே, அந்த நிலத்தின் தொல்லியல் ஆய்வுச் செலவையும் ஏற்க வேண்டும். இங்கிலாந்தில் 1990லேயே திட்ட அனுமதியோடு இது இணைந்துவிட்டது. பிரான்ஸ் 2001இல் இதற்கென்றே ஒரு தேசிய நிறுவனத்தை உருவாக்கியது.

நம் நாட்டுக்கு இது அந்நியமும் இல்லை. கிருஷ்ணா நதியில் நாகார்ஜுனசாகர் அணை கட்ட முடிவானபோது, முழுகப்போகிற நாகார்ஜுனகொண்டா பள்ளத்தாக்கை 1954 முதல் 1960 வரை இந்தியத் தொல்லியல் துறை தோண்டி ஆராய்ந்தது. ஆர். சுப்பிரமணியம் முன்னின்று நடத்தினார். கற்காலம் முதல் இடைக்காலம் வரையிலான தடயங்கள் வெளிவந்தன. இட்சுவாகு மன்னர் காலத்து பௌத்தக் கட்டடங்களில் முக்கியமானவற்றைக் கழற்றி மலையுச்சியில் மறுபடி எழுப்பினார்கள். தண்ணீர் ஏறியதும் அந்த மலையுச்சி தீவாயிற்று. இன்றும் படகில்தான் போக வேண்டும். அணை வேலையும் தடைபடவில்லை, ஆய்வும் தடைபடவில்லை. ஓர் ஏழை நாடு, விடுதலை பெற்று பத்தாண்டுகூட ஆகாதபோது இதைத் தொடங்கியது.

வேலூருக்கோ இதில் தனி உரிமை இருக்கிறது. தோல் கழிவால் பாலாறு கெட்டதை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28இல் தீர்ப்பளித்தது. தோல் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதை அந்தத் தீர்ப்பு பதிவு செய்தது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடு இந்த நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று அதில்தான் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. சீர்செய்ய முடியாத கேடு வரும் அபாயம் இருந்தால், முழு நிரூபணம் கிடைக்கவில்லை என்ற காரணத்தால் தடுப்பைத் தள்ளிப்போடக் கூடாது; கேடில்லை என்று காட்டும் பொறுப்பு திட்டத்தைக் கொண்டுவருகிறவருடையது. இந்தியாவின் எந்த மூலையில் சுற்றுச்சூழல் வழக்கு நடந்தாலும் இன்று இந்தத் தீர்ப்பைச் சுட்டுகிறார்கள். கெட்டுப்போன நிலத்தடி நீரைப் பல தலைமுறைகள் கழித்தாவது மீட்டுவிடலாம் என்று நம்ப இடமுண்டு. கலைந்த மண்ணடுக்கை எந்தத் தலைமுறையும் திரும்ப அடுக்க முடியாது. அப்படியிருக்க, தண்ணீருக்காக நாம் வாங்கிக் கொடுத்த கோட்பாட்டை நம் காலடி மண்ணுக்கும் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

பாதுகாக்க வேண்டியவற்றின் பட்டியலில் டேனரிகளையும் சேர்க்க வேண்டும் என்பேன். சுண்ணாம்புத் தொட்டியும் பட்டைத் தொட்டியும் வரிசையாக அமைந்த, ஓடு வேய்ந்த பழைய தோல் ஷாப்புகள் ஒவ்வொன்றாக இடிந்து குடியிருப்பாகின்றன. ஆவாரம்பட்டையில் பதனிட்டு, கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரில் கப்பலேறிய சரக்கு அந்தத் தொட்டிகளில் ஊறியது. அவற்றை எல்லாம் நிறுத்தி வைக்க முடியாது. ஆனால் இடிப்பதற்கு முன் ஒரு நாள் போதும், அளந்து, படமெடுத்து, எந்தத் தொட்டியில் எத்தனை நாள் தோல் கிடந்தது என்று அங்கே வேலை பார்த்த முதியவரிடம் கேட்டு எழுதிக்கொள்ள. அந்த முதியவர்களின் எண்ணிக்கை வருடத்துக்கு வருடம் குறைகிறது.

கோட்டைக்கு வேண்டியதும் பெரிய செலவில்லை. நீர் இறங்கும் ஒரு கோடையில், அகழியின் நான்கு பக்கமும் சில இடங்களில், கைக்கு அடங்கும் குழாய்களை அடிவரை இறக்கி மாதிரி எடுக்க வேண்டும். எந்த இடத்தில் அடுக்கு கலையாமல் இருக்கிறது, எங்கே கலைந்துவிட்டது என்று ஒரு வரைபடம் அதிலிருந்து வந்துவிடும். கலைந்த இடத்தில் பொக்லைன் தாராளமாக இறங்கலாம். கலையாத இடத்தில் முதலில் தொல்லியலாளர் இறங்க வேண்டும். தூர்வாரும் நாட்களில் வாளியின் அருகே ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சந்தேகப்பட்டால் கையைக் காட்டி நிறுத்தும் அதிகாரம் அவருக்கு எழுத்தில் இருக்க வேண்டும்.

அப்படி எடுத்த குழாயை ஆய்வகத்தில் சிவப்பு விளக்கொளியில் நெடுக்காகப் பிளப்பார்கள். மேலே பிளாஸ்டிக் உறையும் கற்பூரத் தகரமும் கலந்த கருஞ்சேறு. அதன் கீழே செங்கல் தூளும் சுண்ணாம்பும். அதற்கும் கீழே, மதிலிலிருந்து மழை கழுவிக் கொண்டுவந்த மெல்லிய மணல் வரிகள், ஒரு விரற்கடைக்கு ஏழெட்டு மழைக்காலம். எல்லாவற்றுக்கும் அடியில், அகழி வெட்டியவர்கள் மண்கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கடைசியாக மிதித்த தரை.